விலாவில் தொங்கும் வாள்

நெதர்லாந்தின் பழைய சரக்குப் படகான ட்யால்க்கைப் பார்த்தால், பாயைவிட முதலில் கண்ணில் படுவது விலாவில் தொங்கும் பெரிய பலகைதான். ஏறக்குறைய முறத்தின் வடிவம். மறுபக்கத்திலும் அதே போல் ஒன்று. அந்த ஊர்க்காரர்கள் அதை ‘வாள்’ என்கிறார்கள்.

ட்யால்க்கின் அடி தட்டையானது. ஆழமில்லாத கால்வாய்களிலும், நீர் வற்றினால் சேறாகிவிடும் வாடன் கடலிலும் செங்கல், உருளைக்கிழங்கு, அடுப்பெரிக்கும் சதுப்புக் கரி எல்லாம் ஏற்றிப் போக வேண்டியிருந்தது. கடல் உள்வாங்கியதும் சாயாமல் சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். நீர் ஏறியதும் மிதந்து கிளம்பும்.

ஆனால் பக்கவாட்டில் காற்றடித்தால் தொல்லை. பாயில் விழும் விசையில் ஒரு பங்குதான் படகை முன்னே தள்ளும். மீதி பக்கவாட்டில் தள்ளும். படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டை ஆழமாக இறங்கியிருந்தால் நீர் அதைத் தடுத்துவிடும். தட்டை அடி, எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போல வழுக்கிக்கொண்டே போகும்.

அங்கேதான் பலகைக்கு வேலை. காற்று வரும் பக்கத்துப் பலகையைத் தூக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்துப் பலகையை மட்டும் நீருக்குள் இறக்குவார்கள். படகு நழுவப் பார்ப்பது அந்தப் பக்கமாகத்தான். நழுவ நழுவ, நீரே பலகையை விலாவோடு சேர்த்து அழுத்துகிறது. அதனால் அதைப் பிடித்திருக்க மேல்முனையில் ஒரு கீல் போதும். பக்கம் மாற்றி இறக்கினால் அதே நீர் பலகையை வெளியே பிரித்து இழுக்கும், கீலுக்கு ஆபத்து. ஒவ்வொரு முறை படகு காற்றுக்குக் குறுக்கே திரும்பும்போதும் ஒன்றை ஏற்றி மற்றதை இறக்க வேண்டும் என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

கால்வாய்ப் படகுக்குப் பலகை அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும். கடலுக்குப் போவதென்றால் ஒடுங்கி நீண்டிருக்கும். நன்றாகச் செதுக்கிய பலகையின் உட்புறம், விமான இறக்கையின் மேற்புறம் போல லேசாகப் புடைத்திருக்கும். அது நழுவலைத் தடுப்பதோடு நிற்காமல், படகைக் காற்றுப் பக்கமாகக் கொஞ்சம் இழுக்கவும் செய்கிறது.

படகின் நடுவே துளையிட்டு ஒரே பலகையை இறக்கியிருக்கலாமே என்று தோன்றும். அந்தத் துளைக்கான பெட்டி சரக்கறையை இரண்டாகப் பிளந்துவிடும். கூலி வாங்குவதே சரக்குக்கு. அந்த இடத்தை யார் விட்டுக்கொடுப்பார்கள்?

பாய்களின் செம்பழுப்பு நிறத்துக்கும் ஒரு கதை உண்டு. நூல் மக்காமலிருக்க அவற்றை ஓக் மரப்பட்டைச் சாற்றிலும், பிற்காலத்தில் காசுக்கட்டிக் கரைசலிலும் ஊறவைத்தார்கள். நாம் வெற்றிலையோடு மெல்லும் அதே காசுக்கட்டி.

பாலம் வந்தால் பாய்மரத்தையே அடியோடு மடக்கிச் சாய்த்துவிடலாம். காற்றே இல்லாத நாளில் படகிலேயே குடியிருந்த குடும்பம் கரையிறங்கி, மாரில் வார்பட்டை மாட்டிக்கொண்டு கயிற்றால் இழுத்தது. ஆழம் குறைந்துவிட்டதா என்று குனிந்து பார்க்கவும் வேண்டியதில்லை: பலகையின் நுனிதான் முதலில் தரையைத் தொடும், தொட்டதும் கீலில் தானாக மேலெழும்பும்.