ஜனவரிப் பட்டாணி ஜூனிலும் பச்சையாக இருக்க

டில்லியில் குளிர்காலம் வந்தால் தமிழ் வீடுகளுக்கும் ஒரு வேலை வந்துவிடும்: பட்டாணி உரிப்பது. தள்ளுவண்டிகளில் குவிந்து கிடக்கும் நாட்களில், மயூர் விஹாரில் நாங்களும் ஐந்து கிலோ வாங்கி, மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்து உரிப்போம். முதல் வருடம் உரித்ததை அப்படியே கவரில் கட்டி ஃப்ரீசரில் போட்டோம். ஏப்ரலில் குருமா வைத்தால் காய்ந்த வைக்கோல் வாசனை. நிறமும் மங்கிவிட்டது. அவ்வளவு குளிரில் என்ன நடந்திருக்கும்?

பறித்த பிறகும் பட்டாணிக்கு உயிர் இருக்கிறது. அதன் செல்களில் இருக்கும் நொதிகள் (என்ஸைம்கள்) இனிப்பை மாவுச்சத்தாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வாங்கிய அன்றே உரித்துவிட வேண்டும். லிபாக்சிஜினேஸ் என்ற நொதி கொழுப்பைச் சிதைக்கிறது. அந்த வைக்கோல் வாசனைக்கு முக்கியக் காரணம் அதுதான். மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் வளர முடியாது. ஆனால் நொதிகளின் வேலை மெதுவாகிறதே தவிர, நிற்பதில்லை. சூடுதான் அவற்றை நிறுத்தும்.

அதற்காகத்தான் கொதிநீரில் ஒன்றரை நிமிடம் போட்டு எடுக்கிறோம். கால் கிலோவுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். ஒரேயடியாக ஒரு கிலோவைக் கொட்டினால் கொதி அடங்கிவிடும். அரைகுறைச் சூடு நொதிகளை அடக்காமல் கிளறிவிடும், சும்மா வைத்ததைவிட மோசம். வடித்தவுடன் ஐஸ் தண்ணீரில் போட வேண்டும். இல்லாவிட்டால் உள்சூட்டிலேயே வெந்து பச்சை நிறம் பழுப்பாகும்.

அப்புறம் துண்டில் பரப்பி ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்து, தட்டில் ஒரே அடுக்காக உறையவிட்ட பிறகே கவரில் போடுங்கள். ஒட்டாமல் உதிரியாக வரும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தண்ணீர் பனியாகும்போது சுமார் 9 சதவீதம் விரியும். பட்டாணியின் நீரில் பெரும்பகுதி மைனஸ் 1 முதல் மைனஸ் 5 டிகிரிக்குள்தான் உறைகிறது. அந்த இடைவெளியைச் சீக்கிரம் கடந்தால் பனிப்படிகங்கள் பொடியாக இருக்கும். மெதுவாகக் கடந்தால் பெரிதாக வளர்ந்து செல் சுவரைக் கிழித்துவிடும். சமைக்கும்போது தொளதொளவென்று தண்ணீர் விடும். பெரிய பொட்டலத்தின் நடுப்பகுதிக்கு இதுதான் கதி.

இந்த வேகத்தின் அருமையைத் தொழிலாக மாற்றியவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. 1912இல் விலங்குகளின் ரோமத்தோல் வியாபாரத்துக்காக, இன்று கனடாவில் இருக்கும் லாப்ரடாருக்குப் போனவர், அங்குள்ள பூர்வகுடிகளான இன்யூட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் உடனே உறைந்து, மாதங்கள் கழித்தும் புதிதுபோல ருசிப்பதைக் கவனித்தார். 1920களில் குளிர்ந்த உலோகப் பரப்புகளுக்கு நடுவே உணவை அழுத்தி வேகமாக உறையவைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். வீட்டில் எவர்சில்வர் தட்டு அந்த வேலையைக் கொஞ்சமாவது செய்யும்.

கவரில் போடும்போது காற்றைப் பிழிந்து வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் பனி உருகாமலேயே நேராக ஆவியாகிப் பட்டாணி சுருங்கிவிடும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் பனியைக் கரைக்க அவ்வப்போது ஹீட்டர் ஓடுவதால் இது அதிகம். தேங்காய்த் துருவலுக்கும் இதே கவனிப்பு வேண்டும். மிஞ்சிய சாம்பாரை உறையவைத்தால் டப்பாவில் மேலே ஒரு விரல் இடம் விடுங்கள், உருளைக்கிழங்கை எடுத்துவிடுங்கள். உறைந்து உருகினால் பஞ்சுபோல ஆகிவிடும்.

உறைபனியில் கிருமிகள் பெரும்பாலும் சாவதில்லை, தூங்குகின்றன. உருகினால் விழித்துக்கொள்ளும். நிறைந்த ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருந்தால் மின்சாரம் இன்றி சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும் என்பது பொதுக்கணக்கு. டில்லியின் ஜூன் வெயிலில், ஃபிரிட்ஜின் மேலறையை நான் அவ்வளவு நம்ப மாட்டேன்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போகிறேன். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் சரி. உள்ளே இறங்கி உறைந்திருந்தால், நாங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பட்டாணியை மனசே இல்லாமல் கொட்டிவிடுவேன்.