உப்புச்சத்தா, மின்பகுளியா? எலக்ட்ரோலைட்டுக்கு எது தமிழ்

“உடம்புல உப்புச்சத்து குறைஞ்சுபோச்சாம், அட்மிட் பண்ணியிருக்காங்க.” இந்த வாக்கியத்தைக் கேட்காத தமிழ்க் குடும்பம் இருக்காது. தொலைக்காட்சியின் மருத்துவ நிகழ்ச்சிகளிலும் இதே சொல், செய்திகளிலும் இதே சொல். எலக்ட்ரோலைட் என்றால் ரத்தத்தில் கரைந்து மின்னேற்றத்தோடு இருக்கும் சோடியம், பொட்டாசியம் போன்றவை. அதற்கு ‘உப்புச்சத்து’ என்று யார் எப்போது முடிவுசெய்தார்களோ தெரியாது, ஒட்டிக்கொண்டுவிட்டது. சரி, அச்சடித்த கையேட்டையாவது பார்ப்போம் என்று எடுத்தால் அங்கே ‘மின்பகுளிச் சமநிலையின்மை’ என்று இருக்கிறது. ஒன்று தப்பாகப் புரிகிறது, மற்றது புரிவதே இல்லை. தப்பாகப் புரிவதுதான் ஆபத்து என்பதால் என் சண்டை பெரும்பாலும் உப்புச்சத்தோடுதான்.

முதலில் மூலச்சொல். 1834இல் மைக்கேல் ஃபாரடே வழக்குக்குக் கொண்டுவந்த சொற்களில் ஒன்று எலக்ட்ரோலைட். அயான், ஆனோடு, கேதோடு எல்லாம் அதே குடும்பம்தான். கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவெல் அவருக்குக் கிரேக்கச் சொற்களை எடுத்துக் கொடுத்தார். எலெக்ட்ரான் என்றால் கிரேக்கத்தில் அம்பர், தேய்த்தால் துரும்பை இழுக்கும் அந்தப் பிசின் கல். லுட்டோஸ் என்றால் அவிழ்க்கத்தக்கது. மின்சாரத்தால் அவிழ்வது, பிரிவது என்று பொருள் வருகிறது. அதை அப்படியே பெயர்த்து, தமிழ்நாட்டுப் பாடநூலில் மின்பகுளி, இலங்கைப் பாடநூலில் மின்பகுபொருள் என்றார்கள். பெயர்ப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் ஃபாரடேயிடமே இருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால்தான் பொருள் பிரிகிறது என்று அவர் நினைத்தார். 1880களில் ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரீனியஸ் வந்து, உப்பு நீரில் கரையும்போதே பிரிந்துவிடுகிறது, மின்சாரத்துக்காகக் காத்திருப்பதில்லை என்றார். அவருடைய ஆய்வேட்டுக்குப் பல்கலைக்கழகம் குறைந்த தரம்தான் கொடுத்தது. 1903இல் அதே கருத்துக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆக, ஆங்கிலச் சொல்லே ஒரு பழைய பிழையைச் சுமந்துகொண்டிருக்கிறது. நாம் அதையும் சேர்த்துத் தமிழாக்கியிருக்கிறோம். வேதியியல் வகுப்பில் இரண்டு மின்முனைகளை வைத்துச் சோதனை செய்யும்போது மின்பகுளி பொருந்தும், இருக்கட்டும். நம் ரத்தத்தில் யாரும் மின்முனையைச் செருகி எதையும் பகுப்பதில்லை. ‘மின்’ என்ற பாதியாவது உடம்புக்குப் பொருந்தும், ஏனென்றால் நரம்பின் துடிப்பும் இதயத்தின் துடிப்பும் இந்த மின்னேற்றத் துகள்கள் செல்சுவரைத் தாண்டிப் போய்வருவதால்தான் நடக்கின்றன. ‘பகுளி’தான் வெறும் சுமை.

இனி உப்புச்சத்து. மருத்துவமனையில் ‘உப்பு’ என்ற ஒரே சொல் என்னென்ன வேலை செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? சிறுநீரக நோயாளியிடம் “உங்களுக்கு உப்பு ஏறியிருக்கு” என்பார்கள். அங்கே உப்பு என்றால் யூரியா, கிரியேட்டினின். இரண்டுமே உப்பு அல்ல. ஒன்று புரதம் சிதைவதால் வரும் கழிவு, மற்றது தசையிலிருந்து வரும் கழிவு. அடுத்த கட்டிலில் இருப்பவரிடம் “உப்பு இறங்கியிருக்கு” என்பார்கள். அங்கே உப்பு என்றால் சோடியம். ரத்த அழுத்தக்காரரிடம் “உப்பைக் குறைங்க” என்றால் அது சமையல் உப்பு. சிறுநீரகம் பழுதாகி, கிரியேட்டினின் கூடி, சோடியம் குறைந்துபோன ஒருவருக்கு மூன்றும் ஒரே நாளில் சொல்லப்படும். உப்பு ஏறியிருக்கிறது, உப்பு இறங்கியிருக்கிறது, உப்பைக் குறையுங்கள். கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் என்ன சமைப்பார்?

சோடியத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் உப்புச்சத்து என்ற சொல் ஏமாற்றுகிறது. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். இது அடர்வு, மொத்த அளவு அல்ல. உப்பு குறைந்தாலும் அடர்வு இறங்கும், தண்ணீர் கூடினாலும் இறங்கும். பெரியவர்களிடம் பார்க்கிற சோடியம் குறைவில் பெரும்பகுதி தண்ணீர்க் கணக்கில் வந்த கோளாறுதான். நுரையீரல் நோயும், சில மனநல மருந்துகளும், மூளைக் காயமும் உடம்பைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளச் செய்யும். நீர் மாத்திரைகளில் சில வகைகளும் சோடியத்தை இறக்கிவிடும். இதயம் தளர்ந்து கால் வீங்கியிருப்பவரின் உடம்பில் மொத்த சோடியம் வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கும். அதைவிட அதிகமாகத் தண்ணீர் தேங்கியிருப்பதால் பரிசோதனைத் தாளில் 125 என்று வரும். அவருடைய மகளிடம் “அப்பாவுக்கு உப்புச்சத்து குறைவு” என்று சொன்னால், மறுநாள் காலை உப்புப் போட்ட மோர் வந்துவிடும். அவருக்கு வேண்டியது குடிநீர்க் கட்டுப்பாடு. மோரைக் குடித்து வீக்கம் கூடியபின் ‘பத்தியம் சரியில்லை’ என்று பழி அந்தப் பெண்ணின் மேல் விழும்.

நாள்பட்ட குறைவை அவசரமாக ஏற்றினால் மூளையின் நரம்புறை சிதைந்து ஆள் முடங்கிப்போகலாம். அதனால்தான் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயராதபடி மருத்துவர்கள் எண்ணி எண்ணி ஏற்றுகிறார்கள். ‘குறைஞ்சதைப் போட்டா சரியாயிடும்’ என்ற எண்ணத்தை விதைக்கிற சொல் இங்கே எவ்வளவு பொருந்தாது பாருங்கள்.

பொட்டாசியத்துக்கு வந்தால் இன்னும் மோசம். அதன் இயல்பளவு 3.5 முதல் 5 வரை, குறுகிய வரம்பு. “உப்பைக் குறையுங்கள்” என்று கேட்ட சிறுநீரக நோயாளி கடைக்குப் போய் ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்குகிறார். அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாமல் தேங்கினால் இதயத்துடிப்பே தடுமாறும். இளநீரும் அப்படித்தான். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். அதை ‘இயற்கையான உப்புச்சத்து’ என்று விளம்பரம் செய்தால், சோடியம் குறைந்தவருக்கும் கொடுக்கிறார்கள், பொட்டாசியம் ஏறியவருக்கும் கொடுக்கிறார்கள்.

‘சத்து’ என்ற ஒட்டையும் விட்டுவைக்க முடியாது. புரதச்சத்து, நார்ச்சத்து, இரும்புச்சத்து என்று கேட்டுப் பழகிய காதுக்குச் சத்து என்றால் சாப்பிட வேண்டியது, கூடினால் நல்லது. சத்து மிகுந்து ஒருவர் சாகலாம் என்று எந்தத் தமிழ்க் காதும் நம்பாது. பொட்டாசியம் மிகுந்தால் சாகலாம். ‘தாது உப்பு’ என்று திருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் தாது என்றால் ரசம், ரத்தம் முதலான ஏழு உடற்கட்டுகள். பேச்சுவழக்கில் அது என்ன பொருளில் வரும் என்பதைச் சுவரொட்டி லேகிய விளம்பரங்கள் சொல்லும். எலக்ட்ரோலைட்டுகளில் ஒன்றான பைகார்பனேட்டை எந்த வகையில் தாது என்பது என்றும் எனக்கு விளங்கவில்லை.

அப்புறம் எதைத்தான் சொல்வது? என் தேர்வு ‘அயனி’, ஃபாரடேயின் அந்த அயான்தான், மின்னேற்றத் துகள். ‘ரத்த அயனிகள்’, ‘அயனி அளவு’. பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் எல்லோரும் படித்த சொல். உடம்பில் உண்மையில் இருப்பதும் அயனிதான். பகுக்கப்படக் காத்திருக்கும் எதுவும் இல்லை. இலங்கையில் ‘அயன்’ என்பார்கள், அதுவும் நல்லதே. அயனி தமிழ் இல்லையே என்று தனித்தமிழ் நண்பர்கள் வருவார்கள். உண்மைதான், ‘போவது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் ஒலிபெயர்ப்பு அது. உத்தராயணத்தில் இருக்கிற ‘அயனம்’ என்ற வடசொல்லுக்கும் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கும் வேர் ஒன்றே என்று சொன்னால் அவர்களுடைய கோபம் இன்னும் கூடும். (குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அயனி ஒரு மரம். அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள்.) 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், வேதியியல் நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்றுதான் பெயர் வைத்தார். அவரைவிடத் தமிழில் மருத்துவம் வர வேண்டும் என்று துடித்தவர் யார்? எங்கே கடன் வாங்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு சுமை ‘சமநிலையின்மை’. வாயில் நுழையவே நேரமாகும், நுழைந்தபின்னும் எதுவும் சொல்லாது. எது சமமில்லை? கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் முதல் குறளிலேயே “மிகினும் குறையினும் நோய்செய்யும்” என்று முடித்துவிட்டார். மிகை, குறை என்ற இரண்டு சொற்கள் போதும். சோடியக் குறை, பொட்டாசிய மிகை, நீர் மிகை. நோயாளியிடம் பேசும்போது அயனிகூட வேண்டாம்: “ரத்தத்தில் தண்ணீர் கூடி, சோடியம் நீர்த்துப்போயிருக்கிறது.” இதில் புரியாதது எது?

ரத்தத்தின் அமிலக் கணக்கிலும் இதே கூத்து. ரத்தத்தில் அமிலத்தின் கை ஓங்கும் அசிடோசிஸ் என்பதற்கு ‘அமிலத்தன்மை’ என்று எழுதுகிறார்கள். வயிற்று அசிடிட்டிக்கும் ‘அமிலத்தன்மை’தான். நெஞ்செரிச்சலும், சர்க்கரை நோயாளி மூச்சு வாங்கி மயங்கிப்போகிற கீட்டோஅசிடோசிசும் ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுக்கு ஜெலுசில், மற்றதற்கு இன்சுலின். ‘ரத்தம் அமிலமாகிவிட்டது’ என்பதும் தவறு. அமிலமா காரமா என்று காட்டும் அளவு பிஹெச், 7க்குக் கீழே அமிலம், மேலே காரம். ரத்தத்தின் இயல்பான பிஹெச் 7.35 முதல் 7.45; அது 7.2க்கு இறங்கி ஆள் தீவிர சிகிச்சையில் கிடக்கும்போதும் ரத்தம் 7க்கு மேலே, காரப் பக்கத்தில்தான் இருக்கிறது. சிலர் ‘அமிலத் தேக்கம்’ என்கிறார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு அது சரி. பேதியில் காரமான பைகார்பனேட் வெளியேறி வருகிற அசிடோசிசில் எதுவும் தேங்கவில்லை, போயிருக்கிறது. காரம் குறைந்ததால் அமிலத்தின் கை ஓங்குகிறது. இரண்டுக்கும் பொருந்துவது ‘அமில மிகை’, அதன் மறுபக்கம் ‘கார மிகை’. கார மிகை என்றால் மிளகாயா என்று கேட்பார்கள்தான். இலங்கைப் பாடநூலில் பேஸுக்கு ‘மூலம்’ என்று வரும், ‘அமில மூலச் சமநிலை’ என்று எழுதுவார்கள். அதைத் தமிழ்நாட்டு நோயாளி படித்தால் வேறு மருத்துவரைத் தேடிப் போவார். மிளகாயே பரவாயில்லை.

நல்ல பெயர்ப்பே இல்லாமல் இல்லை. பேதிக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ‘உப்பு சர்க்கரைக் கரைசல்’ என்று சொல்வது அருமையான தமிழ். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கணக்குப்படி லிட்டருக்கு 2.6 கிராம் சமையல் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், கூடவே கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். உள்ளே இருப்பது உப்பும் சர்க்கரையும், அதனால் பெயரும் அதுவே. உப்பை உப்பு என்று சொல்ல எனக்கு எந்தத் தடையும் இல்லை.

இதற்கு நேர் எதிராக ‘குளுக்கோஸ் ஏத்துறது’. தமிழ்நாட்டில் கையில் ஊசி குத்தித் தொங்கவிடும் பாட்டில் எதுவானாலும் குளுக்கோஸ். இலங்கையில் எதுவானாலும் சேலைன். தமிழ்நாட்டு வார்டுகளில் தொங்குவதில் நிறைய, 0.9 சதவீத சோடியம் குளோரைடு கரைசல்தான். அதில் ஒரு துளி குளுக்கோஸ் கிடையாது. சர்க்கரை நோயாளியின் உறவினர் “அவருக்குக் குளுக்கோஸ் ஏத்தாதீங்க” என்று நர்ஸிடம் மன்றாடுகிறார். நர்ஸும் “கொஞ்சமாத்தான் ஏத்துறோம்” என்று சமாதானம் சொல்கிறார்.