வீட்டிலேயே இருந்து பாலூட்டும் தாய்க்குப் பம்ப் வேண்டுமா?

பிரசவத்துக்குக் கட்டிவைக்கும் பையில் துணி, துண்டு, நாப்கினோடு இப்போது பால் எடுக்கும் பம்ப்பும் சேர்ந்துவிட்டது. சில மாதங்களில் வேலைக்குத் திரும்பப் போகிறவருக்கு அது தேவைதான். குழந்தையை விட்டு எங்கும் போகப் போவதில்லை என்பவர்களும் "எதற்கும் இருக்கட்டும்" என்று வாங்கிவைக்கிறார்கள். வாங்கிய பொருள் சும்மா கிடக்கக் கூடாதே என்று பயன்படுத்தத் தொடங்கும்போதுதான் தொல்லை ஆரம்பம். குழந்தை நன்றாகக் கவ்விக் குடிக்கிறது, எடை ஏறுகிறது, தாயும் குழந்தையும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்றால் பம்ப் தேவையில்லை. பால் எப்படிச் சுரக்கிறது என்று தெரிந்துகொண்டால் காரணம் புரிந்துவிடும்.

கர்ப்பத்தின் நடுமாதங்களிலேயே மார்பில் சீம்பால் உருவாகத் தொடங்கிவிடும். ஆனால் நஞ்சுக்கொடி சுரக்கும் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், பால் பெருகாமல் தடுத்துவைத்திருக்கும். பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் அந்தத் தடை நீங்கி, பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் வேலையைத் தொடங்குகிறது. 2 முதல் 4 நாளுக்குள் பால் இறங்குவது இப்படித்தான். தலைப்பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோய், கூடுதல் உடல் எடை ஆகியவை இருந்தால் கொஞ்சம் தாமதமாகலாம். இந்தக் கட்டம் முழுக்க ஹார்மோன் நடத்துவது. குழந்தை வாய் வைக்காவிட்டாலும் பால் இறங்கும்.

அதன் பிறகு சுரப்பைத் தீர்மானிப்பது, மார்பிலிருந்து எவ்வளவு பால் வெளியேறுகிறது என்பதுதான். பால் தேங்கி நிறைந்த மார்பில் சுரப்பு மந்தமாகும். குடித்துத் தளர்ந்த மார்பில் வேகம் பிடிக்கும். தேங்கிய பாலிலுள்ள வேதிப்பொருள்களும், நிறைந்து விரிந்த சுரப்பிகளில் ஏற்படும் அழுத்தமும் சேர்ந்து "போதும்" என்று செல்களுக்குத் தெரிவிக்கின்றன. ரத்தத்தில் ஓடும் ஹார்மோன் இரண்டு மார்புக்கும் பொதுவானது. ஆனாலும் குழந்தை ஒரு பக்கம் மட்டுமே குடித்துவந்தால் அந்தப் பக்கம் தொடர்ந்து சுரக்க, மறுபக்கம் வற்றிப்போகிறது. கட்டுப்பாடு அந்தந்த மார்புக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டாம்.

எவ்வளவு சுரக்கிறது என்பதை மேற்கு ஆஸ்திரேலியாவில் தாய்ப்பால் ஆய்வாளர் பீட்டர் ஹார்ட்மன் குழுவினர் துல்லியமாக அளந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை பாலூட்டுவதற்கு முன்னும் பின்னும் குழந்தையை எடைபோட்டு, 24 மணி நேரக் கணக்கை எடுத்தார்கள். 2006-இல் வெளியான முடிவின்படி, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் 1 முதல் 6 மாதக் குழந்தைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 788 கிராம் குடித்தன. குறைந்த அளவு 478. அதிக அளவு 1,356. நாளைக்கு 6 முறை குடித்த குழந்தையும் உண்டு, 18 முறை குடித்த குழந்தையும் உண்டு. எல்லாம் நன்றாக வளர்ந்த குழந்தைகள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கலங்கும் எந்தத் தாயும் இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. மார்பில் இருந்த பாலில் குழந்தைகள் குடித்தது சராசரியாக 67 சதவீதம்தான். மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே தங்குகிறது. அப்படித் தங்குவதுதான் இயல்பு. "குழந்தை குடித்த பிறகு மிச்சத்தைப் பம்ப் பண்ணிக் காலி பண்ணு, இல்லாவிட்டால் கட்டிக்கொள்ளும்" என்ற அறிவுரை இங்கேதான் தவறிப்போகிறது. மிச்சத்தையும் தினமும் எடுத்தால், மார்பு அதை இன்னொரு குழந்தையின் தேவையாகக் கணக்கில் கொள்ளும். சில நாளில் சுரப்பு கூடும். பால் பீறிட்டு வருவதால் குழந்தைக்குப் புரையேறும். காம்பை விட்டுவிட்டு அழும். வயிறு உப்பி, மலம் பச்சையாக, நுரைத்துப் போகும். தாய்க்கு மார்பு கனத்து வலிக்கும். வலி தாங்காமல் மறுபடி பம்ப், அதனால் மறுபடி கூடுதல் சுரப்பு என்று அது சுழன்றுகொண்டே போகும். இந்த வீக்கத்தில் பால் நாளங்கள் நெருக்குண்டு, கட்டி தட்டி, காய்ச்சலில் முடிவதும் உண்டு. பால்கட்டு வந்தால் அழுத்தித் தேய்த்துக் காலி செய்யச் சொல்வது பழைய முறை. தாய்ப்பாலூட்டல் சார்ந்த மருத்துவர்களின் அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி அதை வேண்டாம் என்கிறது. குழந்தைக்கு வழக்கம்போலப் பாலூட்டி, இடையில் குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, மருத்துவர் சொல்லும் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டால் போதும். 24 மணி நேரத்தில் காய்ச்சல் குறையாவிட்டால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

பம்ப்பால் வரும் இன்னொரு கேடு மனதைத் தாக்குவது. குழந்தை குடித்து அரைமணி நேரம் கழித்துப் பம்ப் வைக்கிறார்கள். புட்டியில் 20 மில்லி விழுகிறது. "இவ்வளவுதான் என் பால்" என்று தாய் உடைந்துபோகிறார். "பால் பத்தலை போல" என்று வீட்டில் யாராவது சொல்ல, மாலைக்குள் பவுடர் டப்பா வந்துவிடுகிறது. அந்த 20 மில்லி, குழந்தை குடித்ததுபோக மீந்தது. தவிர, பாலை நாளத்துக்குள் தள்ளுவது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். குழந்தையின் வாயும் வாசனையும் அழுகையும் அதைத் தூண்டும் அளவுக்குப் பம்ப்பின் பிளாஸ்டிக் புனல் தூண்டாது. வலியும் பதற்றமும் இருந்தால் இன்னும் குறையும். பம்ப்பில் விழும் அளவை வைத்துப் பால் வளத்தைக் கணிக்கவே கூடாது.

கணிக்க வேறு வழிகள் இருக்கின்றன. பிறந்த முதல் சில நாளில் குழந்தையின் எடை 7 சதவீதம் வரை குறைவது வழக்கம். 10 சதவீதத்தை நெருங்கினால் உடனே கவனிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன் பிறகு முதல் மூன்று மாதம் நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது வெளிர்நிறமாகச் சிறுநீர் போக வேண்டும். இவை சரியாக இருந்தால் பால் போதுகிறது. மாலை நேரத்தில் குழந்தை விடாமல் மார்பில் கிடப்பதும், ஆறு வாரத்துக்குப் பிறகு மார்பு முன்புபோல் கல்லாக இல்லாமல் தளர்வாக இருப்பதும் பால் வற்றியதற்கு அடையாளம் அல்ல.

வீட்டிலேயே இருந்தாலும் பாலை எடுத்தே ஆக வேண்டிய நிலைமைகளும் உண்டு. முக்கியமானது, குழந்தை குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பது. அங்கே குழந்தையின் வேலையைக் கையோ பம்ப்போ செய்ய வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கி, இரவிலும் விடாமல் நாளைக்கு எட்டு முறைக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். இரண்டாம் வார முடிவில் நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வந்தால் நல்ல நிலை. முதல் இரண்டு வாரம் தவறவிட்டால் பிறகு சுரப்பைத் தூக்கிநிறுத்துவது கடினம். ஆகவே "குழந்தைதான் இன்னும் குடிக்கவில்லையே" என்று காத்திருக்கக் கூடாது. அண்ணப்பிளவு, நாக்கு ஒட்டியிருத்தல், மஞ்சள் காமாலையில் சோர்ந்து தூங்கி வழிதல் போன்றவற்றால் சரியாக உறிஞ்ச முடியாத குழந்தைகளின் தாய்மாருக்கும் இது பொருந்தும். காம்பு வெடித்து வாய் வைக்கவே முடியாதபோது ஒன்றிரண்டு நாள் எடுத்துக் கொடுக்கலாம். வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதுதான். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகும்படி திருத்தாமல் பம்ப்பை மட்டும் நம்பினால் புண் திரும்பத் திரும்ப வரும். மருந்துக்குப் பயந்து பாலைக் கறந்து கொட்டுபவர்கள் ஏராளம். பாராசிட்டமால், இபுபுரோஃபென், வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகள் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையில்லை. கதிரியக்க அயோடின், புற்றுநோய் மருந்துகள் போன்றவற்றில்தான் நிறுத்தவேண்டி வரும்.

மார்பு கல்லாகக் கட்டி, குழந்தையால் கவ்வ முடியாமல் போனால் கையால் பீய்ச்சுவதே போதும். சீம்பாலுக்கும் கைதான் உகந்தது. சில மில்லியே வருவதால் பம்ப்பில் அது புனலிலும் குழாயிலும் ஒட்டியே போய்விடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, சற்று முன்னால் சாய்ந்து உட்காருங்கள். மார்பை மெதுவாகத் தடவிவிடுங்கள். கருவட்டத்தின் மேல் கட்டைவிரலும் கீழே ஆள்காட்டி விரலும், காம்பிலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளி இருக்கட்டும். விரல்களை முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு இரண்டையும் சேர்த்து அமுக்கி, விடுங்கள். அழுத்து, அமுக்கு, விடு. விரல் தோலில் வழுக்கக் கூடாது. காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. முதல் ஓரிரு நிமிடம் ஒன்றும் வராது. பிறகு சொட்டும், அதன்பின் பீய்ச்சும். ஓட்டம் குறைந்ததும் விரலை மணிமுள் நகர்வதுபோல் சுற்றி வேறு இடத்தில் வையுங்கள். கருவட்டம் இளகிவிட்டால் நிறுத்திக் குழந்தையை விடுங்கள்.

பம்ப்தான் வேண்டும் என்றால் முதலில் புனலின் அளவைப் பாருங்கள். பெட்டியில் வருவது பெரும்பாலும் 24 மி.மீ. எல்லோருக்கும் அது பொருந்தாது. காம்பு குழாய்ச் சுவரில் உரசி வெளுத்தால் சிறிது; கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் பெரிது. உறிஞ்சும் விசையைக் கூட்டினால் பால் கூடும் என்பது தப்புக்கணக்கு. வலிக்காத அளவில் மிக உயர்ந்தது எதுவோ அதுவே சரி. வலித்தால் ஆக்ஸிடோசின் அடங்கிவிடும். முதலில் வேகமாக, லேசாக இழுக்கும் நிலையில் வைத்து, பால் இறங்கியதும் மெதுவாக, ஆழமாக இழுக்கும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒரு பக்கம் 15 நிமிடத்துக்கு மேல் வேண்டியதில்லை. பால் படும் பாகங்களை ஒவ்வொரு முறையும் கழற்றி, சிங்க்கில் போடாமல் தனிப் பாத்திரத்தில் சோப்பு நீரில் கழுவிக் காயவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் இந்தப் பாகங்களை நாளில் ஒரு முறை கொதிநீரில் போட்டு எடுப்பது அவசியம்.

வீட்டிலிருக்கும் தாய் என்றாவது ஒரு கல்யாணத்துக்கோ வங்கிக்கோ மூன்று மணி நேரம் போக வேண்டியிருக்கும். அதற்கு ஃப்ரீசர் நிறையப் பால் சேர்க்க வேண்டாம். நாளைக்கு 788 கிராம் என்றால் மணிக்குச் சுமார் 33. ஆகவே 100 மில்லி இருந்தால் மூன்று மணி நேரம் தாங்கும். பலருக்கும் காலையில் மார்பு நிறைவாக இருக்கும். அப்போது குழந்தை ஒரு பக்கம் குடிக்கும்போதே மறுபக்கம் எடுத்தால் பால் தானாக இறங்கும். ஒரே நாளில் 100 சேராவிட்டால் இரண்டு நாளாக எடுங்கள். புதிதாக எடுத்ததை முதலில் குளிரவைத்துவிட்டுப் பழையதோடு சேருங்கள். 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் பால் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர்க் கோடையில் அறையே 30-ஐத் தாண்டுவதால் எடுத்த உடனே ஃப்ரிட்ஜில், கதவில் அல்லாமல் உட்புறத் தட்டில் வையுங்கள். 4 நாள் இருக்கும். கொடுக்கும்போது அடுப்பில் காய்ச்சாமல், மைக்ரோவேவிலும் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திச் சூடாக்கி, பாலாடையில் ஊட்டச் சொல்லுங்கள். பாட்டிகளுக்கு அது கைவந்த கலை. புட்டிக் காம்புக்குப் பழகி மார்பை மறுக்கும் தொல்லையும் இல்லை. குழந்தை வாய் வைத்த மிச்சத்தை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. திரும்பி வரும்போது மார்பு கனத்திருந்தால் அதைப் பம்ப் செய்துவிடாதீர்கள். நேராகக் குழந்தையிடம் போங்கள்.