எச்சரிக்கை வந்தும் ஏன் மூடிவிடுகிறார்கள்?

வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் கிளினிக்கல் பார்மசிஸ்டாக வேலை செய்கிறேன். டாக்டர்கள் கம்ப்யூட்டரில் எழுதும் மருந்துகளை நோயாளியின் ரத்தப் பரிசோதனை, ஒவ்வாமை, ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மாத்திரைகள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதும், சந்தேகம் வந்தால் வார்டுக்குப் போய்ப் பேசுவதும் என் வேலை. இந்த வேலையில் ஒரு பகுதியைச் செய்யவே முடிவு உதவி மென்பொருள் வந்திருக்கிறது. இரண்டு மருந்துகள் ஒத்துப்போகாவிட்டாலோ, சிறுநீரகம் பலவீனமானவருக்கு மருந்தின் அளவு கூடினாலோ அது திரையில் எச்சரிக்கும். பெரிய மருத்துவமனைகளில் மட்டும் இருந்த இந்த வசதி, பில்லிங்குக்காக வாங்கும் சாஃப்ட்வேரிலேயே ஓர் அங்கமாக இப்போது நடுத்தர மருத்துவமனைகளுக்கும் வரத் தொடங்கியிருக்கிறது.

அது வந்த சில மாதங்களில் ஒரு புகார் எழும். "அலர்ட் வருது, ஆனா டாக்டருங்க படிக்காமலே மூடிடறாங்க." நிர்வாகக் கூட்டத்தில் இதைச் சொல்லி, அடுத்து ஒரு சுற்றறிக்கை அனுப்புவார்கள். சுற்றறிக்கையால் எதுவும் மாறாது. 2006-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை மீறப்படுகின்றன. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு மருத்துவமனைகளில், நன்றாகப் படித்த பொறுப்பான மனிதர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள் என்றால் அதைத் தனிமனித அலட்சியம் என்று சொல்ல முடியாது. திரை அவர்களை அப்படி நடக்க வைக்கிறது. மூடப்பட்ட ஒவ்வொரு எச்சரிக்கையையும் அந்தத் திரையைப் பற்றி டாக்டர் எழுதிய விமர்சனமாகத்தான் நான் படிக்கிறேன்.

ஓர் உதாரணம். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்தே கொடுப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே செய்யும் சிகிச்சை அது. மென்பொருளோ ஒவ்வொரு முறையும் "இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஏற்படலாம்" என்று சிவப்புப் பெட்டியோடு குறுக்கே வந்து நிற்கும். இதயப் பிரிவு டாக்டர் அதை ஒரு நாளில் எத்தனை தடவை மூட வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உண்மையிலேயே ஆபத்தான ஓர் எச்சரிக்கை மாலையில் அதே சிவப்பில், அதே இடத்தில், அதே எழுத்தில் வரும்போது விரல் தானாக மூடும் பொத்தானுக்குப் போகிறது. காட்பாடி ரோட்டில் ஹாரன் சத்தத்துக்கு யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா?

2013-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். 16 வயதுப் பையன் ஒருவனுக்குக் கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக் ஒரு மாத்திரை தர வேண்டும். டாக்டர் 160 என்று தட்டினார். அவர் நினைத்தது 160 மில்லிகிராம். ஆனால் அந்தக் கட்டத்தின் அலகு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் இருந்தது. பையன் 38 கிலோ சொச்சம். கணினி பெருக்கி 38½ மாத்திரை என்று கணக்குச் சொன்னது. அளவு மீறியது என்ற எச்சரிக்கை டாக்டருக்கும் வந்தது, பார்மசிஸ்டுக்கும் வந்தது. இருவரும் மூடிவிட்டார்கள், ஏனென்றால் சிறிய மீறலுக்கும் அதே பெட்டிதான் வந்துகொண்டிருந்தது. பார்மசி ரோபோ கேட்ட எண்ணிக்கையை அப்படியே பொட்டலம் போட்டது. நர்ஸ் கொடுத்தார், பையன் விழுங்கினான். வலிப்பு வந்து, பிறகு நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான். அந்தத் திரையில் எடுத்துக்கொள்ள வேண்டிய மாத்திரை எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் காட்டியிருந்தால், அந்த இருவரில் ஒருவராவது நின்று யோசித்திருக்கலாம்.

எச்சரிக்கையின் வாசகத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்காக எனாலாப்ரில் சாப்பிடும் ஒருவருக்கு, நீர் பிரிய வைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் எழுதும்போது நான் பார்த்த ஒரு மென்பொருள் சொன்னது இது: "மருந்து எதிர்வினை. தீவிரம்: மிதம். கண்காணிக்கவும்." எதைக் கண்காணிப்பது? எப்போது? இந்த நோயாளிக்கு இப்போது நிலைமை என்ன? ஒன்றுமே இல்லை. இதையே இப்படிச் சொல்லலாம்: "இவருடைய பொட்டாசியம் நேற்றுக் காலை 5.4. இந்த இரண்டு மருந்துகளும் சேர்ந்தால் இன்னும் ஏறும்." கீழே மூன்று பொத்தான்கள்: புது மருந்தை எடுத்துவிடு, அளவைக் குறை, தொடர்ந்து கொடுத்து மூன்றாம் நாள் பொட்டாசியம் டெஸ்ட் எழுது. மூன்றாவதைத் தொட்டால் லேபுக்கு ஆர்டரும் போய்விட வேண்டும். எச்சரிக்கையை மூடி, வேறு பக்கம் போய், டெஸ்டைத் தேடி எழுது என்றால், வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஓபியில் அது நடக்காது. இப்படி எழுத மென்பொருளுக்கு லேப் ரிசல்ட் தெரிந்திருக்க வேண்டும். லேபும் பார்மசியும் தனித்தனி சாஃப்ட்வேராக இருக்கும் மருத்துவமனையில் முதலில் அதை இணைக்கத்தான் பணம் செலவழிக்க வேண்டும். புதிய வசதிகளெல்லாம் அதற்கு அப்புறம்.

மெதோட்ரெக்சேட் விஷயத்தில் நான் நிறையப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூட்டு வாதத்துக்கு இந்த மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டும். தவறித் தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உற்பத்தி செய்வதே நின்றுபோகும். இதனால் பல நாடுகளில் உயிர் போயிருக்கிறது. நம் ஊர் சாஃப்ட்வேர்களில் மருந்து எழுதும் கட்டம் எப்படி இருக்கிறது? 1-0-1, 1-0-0 என்று காலை, மதியம், இரவு மட்டும்தான். 'வாரம் ஒருமுறை' என்பதற்கு அந்தக் கட்டத்தில் இடமே கிடையாது. டாக்டர் 1-0-0 என்று போட்டுவிட்டுப் பக்கத்தில் குறிப்புக் கட்டத்தில் 'வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை' என்று தட்டுகிறார். அந்தக் குறிப்பு மருந்துச் சீட்டில் பொடி எழுத்தில் வரும். பார்மசி ஒட்டும் லேபிளில் வராது. லேபிளைப் பார்த்து மாத்திரையைப் பிரித்துக் கொடுப்பது, அணைக்கட்டு, ஒடுகத்தூர் மாதிரி பக்கத்து ஊரில் இருக்கும் ஒரு வயதான நோயாளியின் மருமகளாக இருக்கலாம். அவர் லேபிளில் இருக்கிறபடி தினமும் காலையில் ஒன்று கொடுப்பார். அவர் மேல் என்ன தப்பு?

இதற்கு எச்சரிக்கைப் பெட்டி தேவையே இல்லை. மெதோட்ரெக்சேட் என்று தேர்ந்தெடுத்ததும் கட்டம் தானாக 'வாரம் ஒருமுறை' என்று மாற வேண்டும், எந்தக் கிழமை என்று கேட்க வேண்டும், நான்கு வாரத்துக்குத் தேவையான மாத்திரை மட்டும் பில்லில் ஏற வேண்டும், லேபிளில் தமிழில் கிழமை பெரிதாக அச்சாக வேண்டும். தினசரி என்று மாற்ற வேண்டுமென்றால் புற்றுநோய்ப் பிரிவு என்ற காரணத்தைச் சொன்னால் மட்டுமே மாற வேண்டும். பாதுகாப்பான வழியே எளிதான வழியாக இருந்துவிட்டால் குறுக்கே வந்து கத்த வேண்டியதில்லை. நல்ல முடிவு உதவி பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது என்பது என் அனுபவம்.

அப்படியானால் ஆபத்தான எல்லாவற்றையும் திரையே தடுத்துவிடட்டும் என்று ஒரு வாதம் வரும். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு, அதோடு சேர்ந்தால் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடிய கோட்ரைமாக்ஸசோல் எழுதினால் திரை கிட்டத்தட்ட முழுசாக மறித்தது. மறித்த பிரிவில், எச்சரிக்கை வந்தவற்றில் 57 சதவீதத்தில் அந்த மருந்தைத் திரும்ப எழுதவில்லை. மறிக்காத பிரிவில் 13.5 சதவீதம்தான். வெற்றி என்றுதான் தோன்றும். ஆனால் நான்கு நோயாளிகளுக்கு அவசியமான சிகிச்சை தாமதமானதால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். முழுத் தடையை மிகச் சில இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், அங்கேயும் ஒரு மூத்த டாக்டரோடு பேசிவிட்டுக் கடக்க வழி இருக்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய சிக்கல்கள் வேறு. முதலாவது பெயர். வெளிநாட்டு மாதிரியில் செய்த திரை முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். எஸ்.லட்சுமி என்பவருக்குக் குடும்பப் பெயர் எது? ஒரு பணியாளர் 'எஸ்' என்று போடுவார், இன்னொருவர் அப்பா பெயரைப் போடுவார், வேறொருவர் புள்ளி வைத்துவிட்டு நகர்வார். பட்டியலில் ஒரே மாதிரி ஐந்து லட்சுமி வந்து நிற்பார்கள். வயதானவர்கள் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது, ஜனவரி 1 என்று பதிவாகிவிடும். வேலூருக்குச் சித்தூரிலிருந்தும், வங்காளம், ஜார்கண்ட் வரையிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுகிறோம். ஆள் மாறினால், எவ்வளவு அருமையான எச்சரிக்கையும் வேறொருவருடைய சிறுநீரக டெஸ்டான கிரியாட்டினினைப் பார்த்துத்தான் பேசும். நியூயார்க்கில் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், மருந்து எழுதும் முன் நோயாளியின் அடையாளத்தை டாக்டரே மறுபடி தட்டச் சொன்னபோது ஆள் மாறிய ஆர்டர்கள் 41 சதவீதம் குறைந்தன. 'இவர்தானா?' என்று கேட்டு ஒரு பொத்தான் மட்டும் வைத்தபோது 16 சதவீதம்தான் குறைந்தன. நம் திரைகளில் பெயரோடு வயது, அப்பா அல்லது கணவர் பெயர், ஊர், படுக்கை எண், முடிந்தால் ஒரு புகைப்படம் ஆகியவை மருந்து எழுதும் பக்கத்தின் மேலேயே நகராமல் நிற்க வேண்டும். பிறந்த குழந்தைகளுக்கு வெறுமனே 'பேபி' என்று போடாமல் அம்மாவின் பெயரோடு சேர்த்தே பதிய வேண்டும். இரட்டைக் குழந்தைகள் என்றால் இன்னும் கவனம்.

இரண்டாவது, பிராண்டு. நாம் எழுதுவது பிராண்டு பெயரில், மென்பொருளின் அறிவு மூலப்பொருளின் பெயரில். கூட்டு மாத்திரைகள் இங்கே ஏராளம். மூட்டுவலிக்கு ஒரு டாக்டர் தந்த மாத்திரையிலும், சளிக்கு இன்னொருவர் தந்ததிலும், காய்ச்சலுக்கு மெடிக்கலில் வாங்கியதிலும் பாராசிட்டமால் இருக்கும். ஒவ்வொரு பிராண்டுக்குள்ளும் என்ன இருக்கிறது என்ற பட்டியல் சரியாக இல்லாவிட்டால் கணினிக்கு இது தெரியவே தெரியாது. பட்டியலை யார் புதுப்பிக்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்காமல் யாரும் சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம்.

மூன்றாவது, நம் நோய்கள். மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும்போது இந்தப் பக்கம் பூச்சிக்கடியால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரும். வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஆய்வுதான், தீவிரமான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று காட்டியது. வெளிநாட்டில் தயாரித்த காய்ச்சல் பட்டியலில் இந்த நோயின் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பூச்சி கடித்த இடத்தில் இருக்கும் கருப்புப் பொருக்குதான் முக்கியத் தடயம். அது அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, மார்புக்குக் கீழோ ஒளிந்திருக்கும். பெண் நோயாளிகளிடம் பெரும்பாலும் சிஸ்டர்தான் பார்த்துச் சொல்ல முடியும். ஆகவே 'கருப்புப் பொருக்கு பார்த்தாயிற்றா?' என்ற கேள்வி, டாக்டர் மருந்து எழுதும் நேரத்தில் குறுக்கே வருவதைவிட, சிஸ்டர் காய்ச்சலும் பிரஷரும் பதியும் பக்கத்தில் இருப்பதுதான் பயன்படும். யாருக்கு, எந்த நேரத்தில் சொல்கிறோம் என்பது சொல்லும் விஷயத்தளவு முக்கியம்.

இதையெல்லாம் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ட்யூட்டி டாக்டர், சிஸ்டர், பார்மசியில் இருப்பவர் என்று நாலைந்து பேரைத் தனித்தனியாக உட்காரவைத்து, ஒரு கற்பனை நோயாளிக்கு மருந்து எழுதச் சொல்லுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் உதவாதீர்கள், எங்கே தேடுகிறார்கள், எங்கே திரும்பிப் போகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டாக்டர் பக்கத்தில் இப்படி உட்கார்ந்திருந்தபோது கேட்டேன், "டாக்டர், இப்ப மூடினீங்களே, அதுல என்ன இருந்தது?" அவர் யோசித்துவிட்டு, "தெரியல மேடம். மூடினாத்தான் அடுத்த மருந்து எழுத முடியும்" என்றார். அந்த ஒரு பதிலில் எல்லாம் இருந்தது. பெட்டி அவருடைய வழியை மறித்தது, அவர் வழியைச் சரிசெய்தார்.

பிறகு மாதம் ஒருமுறை எந்த எச்சரிக்கை எத்தனை முறை வந்தது, எத்தனை முறை மூடப்பட்டது என்ற அறிக்கையை எடுங்கள். கிட்டத்தட்ட எப்போதும் மூடப்படுவதை மருந்துக் குழுவில் வைத்து நிறுத்துங்கள், அல்லது குறுக்கே வராத சிறு குறிப்பாக மாற்றுங்கள். எதை நிறுத்தினோம், ஏன், யார் கையெழுத்து என்று பதிவு இருக்கட்டும். நிறுத்தவே பயப்படும் நிர்வாகங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் புரிகிறது, ஆனால் யாரும் படிக்காத எச்சரிக்கை நோயாளியைக் காப்பாற்றுவதில்லை, பக்கத்தில் இருக்கும் நல்ல எச்சரிக்கையையும் சேர்த்துக் கெடுக்கிறது.

புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு: டெமோ நாளில் நிர்வாக இயக்குநரும் கணக்காளரும் மட்டும் உட்காராதீர்கள், ஒரு சிஸ்டரையும் ஒரு பார்மசிஸ்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். விற்க வந்தவர்கள் கொண்டுவந்த மாதிரி நோயாளியை விட்டுவிட்டு, உங்கள் ஊர் நோயாளி ஒருவரைப் போல எழுதிக் காட்டச் சொல்லுங்கள்: இனிஷியல் உள்ள பெயர், பிறந்த தேதி இல்லாத முதியவர், மூன்று கூட்டு மாத்திரை, வாரம் ஒருமுறை மெதோட்ரெக்சேட். எச்சரிக்கையின் வாசகத்தையும் தீவிர நிலையையும் நாங்களே மாற்றிக்கொள்ளலாமா, மூடப்பட்டவற்றின் அறிக்கை கிடைக்குமா, சர்வர் நின்றால் கடைசி மருந்துப் பட்டியலை எங்கிருந்து எடுப்பது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி ஒப்பந்தத்தோடு சேருங்கள். 'அடுத்த வெர்ஷனில் வரும்' என்றால், வந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.