ஹெட்செட் வாரண்டி: அட்டை சொல்வதும் சட்டம் தருவதும்

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிய புளூடூத் ஹெட்செட்டில் ஆறே மாதத்தில் ஒரு பக்கம் ஒலி நின்றுபோனால், பலரும் சர்வீஸ் சென்டரில் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு, அங்கே மறுத்ததும் புதிதாக ஒன்றை வாங்கிக்கொள்கிறார்கள். வாரண்டி அட்டை தயாரிப்பாளர் தரும் உறுதிமொழி. குறைபாடுள்ள பொருளுக்குப் பரிகாரம் கேட்கும் உரிமை, அந்த அட்டையிலிருந்து மட்டுமல்லாமல், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலிருந்தும் வருகிறது. இந்த உரிமைக்குக் குறைந்தபட்ச விலை என்று எதையும் சட்டம் வைக்கவில்லை. விலை கொடுத்து வாங்கியவரைப் போலவே, அவருடைய சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர்தான். ஆகவே பரிசாக வந்த ஹெட்செட்டுக்கும், பில் வேறொருவர் பெயரில் இருந்தாலும், புகார் செய்யலாம்.

அட்டையை வாங்கிய அன்றே படித்துவிடுவது நல்லது. ஹெட்செட்டுகளுக்குப் பெரும்பாலும் ஓராண்டு வாரண்டி இருக்கும்; காதுப் பஞ்சு, சிலிகான் முனை போன்ற தேய்மானப் பொருள்கள் அதில் சேர்வதில்லை, பேட்டரிக்கோ வயருக்கோ தனிக் காலவரம்பு வைக்கும் நிறுவனங்களும் உண்டு. பழுதான பொருளுக்கு மாற்றுக் கொடுத்தால், புதிதாக ஓராண்டு தொடங்காமல், பழைய வாரண்டியில் மிச்சமுள்ள காலமே தொடரும் என்பதும் பொதுவான நிபந்தனை. இணைய விற்பனைத் தளங்கள் சொல்லும் 'ஏழு நாள் ரீப்ளேஸ்மென்ட்' வேறு, தயாரிப்பாளரின் வாரண்டி வேறு; ஏழு நாள் கடந்தது என்பதற்காக ஓராண்டு வாரண்டி போய்விடாது.

நம் ஊர்க் கடைகளின் பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற வரியைப் பார்த்தே பலர் வாய் திறப்பதில்லை. அந்த வரிக்கு இவ்வளவு அஞ்சத் தேவையில்லை. பில் தர மறுப்பதும், குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், காலம் எதுவும் சொல்லப்படாவிட்டால் 30 நாளுக்குள்ளும், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடவடிக்கை என்று சட்டத்தின் 2(47) பிரிவு கூறுகிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இணைய விற்பனையாளரும் குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

பெரும்பாலான தகராறுகள் சர்வீஸ் சென்டரின் மேசையில்தான் தொடங்குகின்றன. சார்ஜிங் துளையில் பச்சை படிந்திருப்பதைக் காட்டி, 'தண்ணீர் பட்டிருக்கிறது, வாரண்டி கிடையாது' என்று சொல்வது வழக்கமான மறுப்பு. அது உண்மையாகவும் இருக்கலாம், ஐ.பி.எக்ஸ்.4 என்ற தரக்குறி தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதற்கே உத்தரவாதம், தண்ணீரில் மூழ்கினால் தாங்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் உடற்பயிற்சிக்கு ஏற்றது, வியர்வை தாங்கும் என்று விளம்பரம் செய்து விற்ற பொருளை, வியர்வை படிந்ததைக் காரணம் காட்டியே மறுத்தால், அந்த விளம்பரமே நமக்குச் சாட்சியாகிறது. தளத்தில் உள்ள விவரங்கள் பின்னர் மாற்றப்படலாம் என்பதால், வாங்கும் நாளிலேயே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பொருளை ஒப்படைக்கும்முன் அதன் வெளித்தோற்றத்தையும் சீரியல் எண்ணையும் படமெடுத்துவிட்டு, என்ன குறை என்பதைத் தெளிவாக எழுதிய, தேதியிட்ட ஜாப் ஷீட் (பழுதுபார்க்கப் பொருளைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்காமல் அங்கிருந்து நகரக் கூடாது. மறுப்பையும் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், அன்றே நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு நடந்ததை எழுதி அனுப்புங்கள். வாரண்டி நடப்பில் இருக்கும்போதே குறையைத் தெரிவித்தோம் என்பதை இந்தத் தேதிகள்தான் நிறுவும். இழுத்தடித்து வாரண்டி முடிந்த பிறகு கைவிரிக்கும் நிறுவனத்துக்கு அதுவே பதில்.

நிறுவனம் இறங்கி வராவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், தமிழிலும் பேசலாம். உதவி மையம் நிறுவனத்திடம் புகாரைக் கொண்டுசெல்லுமே தவிர, தீர்ப்பு வழங்காது. தீர்ப்பு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நேரிலோ நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் வழியாகவோ அணுகலாம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும், இல்லாவிட்டால் மூன்று மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் கூடுதல் காலம் பிடிப்பதுண்டு. பழுதை நீக்கித் தரவும், புதிய பொருள் தரவும், விலையைத் திருப்பித் தரவும், அலைச்சலுக்கு இழப்பீடு வழங்கவும் ஆணையம் உத்தரவிடலாம். அந்த உத்தரவை மீறினால், 72ஆம் பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.