காயலான் கடை இரும்பில் வந்த கம்பி

“சார், இது பழைய இரும்ப உருக்கிப் போட்ட கம்பியாமே, வேணாங்க. தாதுலேர்ந்து வர்ற கம்பியே வாங்கிடலாம்.” வீடு கட்டுபவர்களில் பாதிப் பேர் என்னிடம் இதைச் சொல்லிவிடுகிறார்கள். தாதுவை உருக்கும் பெரிய ஆலையிலும் கொதிக்கும் இரும்பின் சூட்டைத் தணிக்கப் பழைய இரும்பைச் சேர்த்துத்தான் போடுகிறார்கள் என்று சொன்னால் நம்புவதில்லை. அமெரிக்காவில் வார்க்கும் உருக்கில் சுமார் 70 சதவீதம், மின்பொறியின் சூட்டில் உருக்கும் மின்வில் உலையில் வருகிறது. அதற்குத் தீனி பெரும்பாலும் பழைய இரும்புதான்.

ஒருமுறை முழுக்க உருகிவிட்டால் இரும்புக்குப் பழசு, புதுசு கிடையாது. சிக்கல் இரும்போடு சேர்ந்து வரும் மற்றவற்றில்தான். செம்புச் சுருளைப் பிரிக்காமல் ஒரு பழைய மோட்டாரை அப்படியே உலையில் போட்டால், அந்தச் செம்பு எங்கும் போகாது. ஆக்சிஜனை ஊதினால் செம்புக்கு முன்னால் இரும்பே எரிந்துவிடும். அந்த உருக்கைச் சூடாக்கி உருட்டும்போது, மேல்தோலுக்கு அடியில் செம்பு திரண்டு, உருகி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கும். பழைய இரும்பைத் தரம் பிரித்துப் போடுவதும், ஸ்பாஞ்ச் அயர்ன் (தாதுவை உருக்காமலே எடுக்கும், செம்பு கலக்காத இரும்பு) கலந்து செம்பின் அளவை நீர்க்கச் செய்வதும்தான் வழி. (துருப்பிடிக்காமலிருக்க அளவாகச் செம்பு சேர்க்கும் கம்பிகளும் உண்டு. தெரிந்து சேர்ப்பது வேறு, தெரியாமல் சேர்வது வேறு.)

எனக்கு அதைவிடப் பெரிய பயம், கம்பியை வளையவிடாமல் முறியவைக்கும் பாஸ்பரஸ். மின்வில் உலையில் சுண்ணாம்புக் கசடு அதை இழுத்துக்கொள்ளும். நம் ஊர்ச் சிறு ஆலைகள் பலவற்றில் இருக்கும் இண்டக்‌ஷன் உலையோ உருக்க மட்டும் செய்யும், சுத்திகரிக்காது. உள்ளே போவதுதான் வெளியே வரும். கட்டடக் கம்பிக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 1786-இன்படி எஃப்.இ. 500 என்ற ரகக் கம்பியில் பாஸ்பரஸ் 0.055 சதவீதத்துக்கு மேல் கூடாது. அதைவிட நன்றாக நீளும் 500டி ரகம் என்றால் 0.040. முறிவதற்கு முன் 500 குறைந்தது 12 சதவீதமும், 500டி 16 சதவீதமும் நீள வேண்டும்.

இந்தப் புள்ளிக்கணக்கு என்ன செய்யும் என்பதை ஒரு மொட்டைமாடியில் பார்த்தேன். பின்னால் மாடி எடுக்கலாம் என்று தூணிலிருந்து நீட்டி விட்ட 12 மி.மீ. கம்பிகள், கால் தடுக்கக் கூடாதென்று மடக்கி விடப்பட்டிருந்தன. கம்பி கட்டுபவர் பைப்பைச் செருகி நிமிர்த்தினார். இரண்டாவது கம்பி ‘டக்’கென்று முறிந்து கையோடு வந்துவிட்டது. முறிந்த இடத்தில் இழுபட்ட அடையாளமே இல்லை; கற்கண்டை உடைத்தாற்போல் மினுமினுப்பு. ஆய்வகத்தில் பாஸ்பரஸ் 0.09 சதவீதம் என்று வந்தது. வாங்கிய பில்லைத் தேடினோம், இல்லை.

இன்னொரு ரகம் இருக்கிறது. அதை நான் மறுசுழற்சிக் கணக்கிலேயே சேர்க்கமாட்டேன். பழைய தண்டவாளத்தையும் உடைத்த கப்பலின் தகட்டையும் கீறி, உருக்காமல், பழுக்கக் காய்ச்சி அப்படியே கம்பியாக உருட்டிவிடுவார்கள். ஒரு கம்பியில் இருக்கும் கார்பன் அளவு அடுத்ததில் இருக்காது. முந்தைய வரலாறு தெரியாத இரும்பையும், இப்படி மறுபடி உருட்டியதையும் ஐ.எஸ். 1786 ஏற்பதில்லை. ஆனால் மேலே வரி போட்டு அடுக்கிவிட்டால் கடையில் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். பழைய இரும்பு என்ற பேருக்கே கெட்ட பெயர் வந்தது இவற்றால்தான்.

அதனால் கடையில் “தாதுவா, ஸ்கிராப்பா?” என்று கேட்காதீர்கள். டெஸ்ட் சர்டிபிகேட்டைக் கேளுங்கள். அதிலுள்ள ஹீட் நம்பரும் (ஒரே தடவை உருக்கி வார்த்ததற்குத் தரும் எண்) கம்பிக்கட்டில் தொங்கும் சீட்டிலுள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். கார்பன், சல்பர், பாஸ்பரஸ் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி சுமார் 10.66 கிலோ நிற்கும். 5 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம். சர்டிபிகேட்டில் சந்தேகம் வந்தால் இறக்கிய லோடிலிருந்து நீங்களே துண்டு வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், கடைக்காரர் தரும் துண்டை அல்ல. இழுவைச் சோதனையோடு நிறுத்திவிடாமல், வளைத்து நிமிர்த்தும் சோதனையும் வேதியியல் சோதனையும் வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் இழுத்துப் பார்த்ததோடு அனுப்பிவிடுவார்கள்.