படம் பார்க்காதவன் மீது வழக்கு

“எம் புள்ள அந்தப் படத்தப் பாக்கவே இல்ல சார்.” ராமநாதபுரத்தில் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா சொன்னது இதுதான். பையனுக்கு இருபத்திரண்டு வயது. கீழக்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு கடலோரக் கிராமம். மச்சான் முறை உள்ள ஒருவர் மூலம் துபாய்க்கு விசா வந்திருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு படத்தை வைத்து ஊரெல்லாம் சண்டை. தனக்கு வந்த அரை நிமிட வீடியோவை, “நம்ம ஊர் தியேட்டர்ல நம்ம பயலுகள அடிக்கிறானுங்க” என்று ஒரு வரி சேர்த்து மூன்று குரூப்பில் தள்ளிவிட்டிருக்கிறான். மறுநாள் ராத்திரி ஸ்டேஷனில் இருந்தான்.

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். பையன்களுக்குப் போனை விட்டால் வேறு வேலை இல்லை.

அந்த வீடியோவைக் குமாஸ்தாவின் போனில் நாலு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். கூட்டம் ஓடுகிறது, கண்ணாடி உடைகிறது. பின்னால் ஒரு கடையின் பெயர்ப் பலகை மலையாளத்தில் இருக்கிறது. அதோடு, வீடியோவில் மழை கொட்டுகிறது. இங்கே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அனுப்பியது யார் என்று கேட்டேன். சவூதியில் இருக்கும் பெரியம்மா மகன். அவனுக்கு யார் அனுப்பியது? ரூமில் கூடத் தங்கியிருப்பவர். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஊர்ச் செய்தியே வளைகுடா வரை போய்த்தான் திரும்பி வரும். வரும்போது நம்பிக்கையும் கூடிவிடும், சொல்வது சொந்தக்காரன் ஆயிற்றே.

இதற்காகக் கோபமே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ வந்த சமயம் படம் தங்களைத் தவறாகக் காட்டுகிறது என்று இதே மாவட்டத்து முஸ்லிம்களிடம் நான் பார்த்த வருத்தம் நிஜமானது. (படத்தை எடுத்தவரும் நம்ம பரமக்குடிக்காரர்தான்.) 25ஆம் தேதி வர வேண்டிய படத்தை மாவட்ட ஆட்சியர்கள் 144 போட்டு நிறுத்தினார்கள். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி தடையை நீக்க, மறுநாளே இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. கடைசியில் பேச்சுவார்த்தை நடத்தி, சில இடங்களை வெட்டி, பிப்ரவரி 7இல் வெளியிட்டார்கள். போராட்டம் வரும் என்ற பயத்தில், தணிக்கைச் சான்று பெற்ற படத்தை அரசு நிறுத்தக் கூடாது என்று ‘ஒரே ஒரு கிராமத்திலே’ வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. சட்டம் படித்தவன் என்ற முறையில் அந்தத் தடை எனக்கு உறுத்தியது. மனம் நொந்து பேசியவர்களைப் பார்த்தபோது அதுவும் உறுத்தியது. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம்.

2023இல் ‘தி கேரளா ஸ்டோரி’ கதை வேறு. கேரளாவில் 32,000 பெண்கள் மதம் மாறிப் பயங்கரவாத அமைப்பில் சேர்ந்ததாக டீசரில் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பி வழக்கானதும் யூடியூபில் டிரெய்லருக்குக் கீழே அது மூன்று பெண்களின் கதையாகச் சுருங்கியது. 32,000 என்பதற்கு ஆதாரபூர்வமான தரவு இல்லை என்று படத்தில் அறிவிப்புப் போடச் சொன்னது உச்ச நீதிமன்றம். இது ஒரு பக்கம். இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் படத்துக்கு அரசு தடை போட்டுவிட்டது என்று எத்தனை பேர் ஸ்டேட்டஸ் வைத்தார்கள்! சந்தோஷப்பட்டவர்களும் வைத்தார்கள், திட்டியவர்களும் வைத்தார்கள். தடை எதுவும் போடவில்லை, தியேட்டர்காரர்களே எடுத்துவிட்டார்கள் என்பதுதான் நீதிமன்றத்தில் அரசு சொன்ன பதில்.

டீக்கடைகளில் இன்னொரு பேச்சும் உண்டு. எல்லாமே தயாரிப்பாளர் காசு கொடுத்துக் கிளப்பிவிடுவதாம், டிவிக்காரர்கள் பங்கு வாங்கிக்கொள்கிறார்களாம். இருக்கலாம். சண்டை நடந்தால் டிக்கெட்டும் விற்கும், விளம்பரமும் வரும். அந்த அளவுக்குச் சந்தேகம் நியாயமே. ஆனால் “ஆதாரம் என்ன?” என்று கேட்டால் அதற்கும் ஒரு ஃபார்வர்டைத்தான் நீட்டுகிறார்கள். கோர்ட்டில் அது நிற்காது.

பையனின் வழக்கில் நின்றது வேறு. இரு தரப்புக்கு இடையே பகை மூட்டுவது அன்றைக்கு இந்திய தண்டனைச் சட்டம் 153ஏ, 505(2); 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 196, 353. இரண்டிலும் மூன்று வருடம் வரை சிறை, போலீஸே ஜாமீனில் விட முடியாத பிரிவுகள். “நான் எழுதல சார், வந்தத அனுப்புனேன்” என்றால் தப்ப முடியாது. ஃபார்வர்டு செய்தவரும் பொறுப்பாளிதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் தெளிவாகவே சொன்னது. இவனோ சொந்தமாக ஒரு வரி வேறு சேர்த்திருந்தான்.

ஜாமீன் கிடைத்தது. தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து, பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. விசா தேதி அதற்குள் முடிந்துவிட்டது. வாழ்வாதாரமே வெளிநாடு என்றிருக்கும் நம் ஊர்ப் பையன்களுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்கிறேன்: குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) குறுக்கே வந்து நிற்கும். கோர்ட்டில் மனுப் போட்டு அனுமதி வாங்கித்தான் பாஸ்போர்ட் எடுக்கவோ புதுப்பிக்கவோ முடியும். கால அளவை கோர்ட் குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்குத்தான் கிடைக்கும். ஒரு வருடப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனியில் வேலை கேட்பது?

வாட்ஸாப்பில் பலமுறை கைமாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி இருக்கும். 2020 முதல் அதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மேல் அனுப்ப விடுவதில்லை. அந்த அம்பைப் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள். கடைப் பலகையில் என்ன மொழி, வண்டி நம்பர் எந்த மாநிலம், வெயிலா மழையா என்று பாருங்கள். அந்த ஊரில் நமக்கு யாராவது தெரிந்தவர் இல்லாமலா போவார்? ஒரு போன் போடுங்கள். டவுன்லோடு செய்து மறுபடி ஏற்றினால் அம்புக்குறி போய்விடும், அதையும் நினைவில் வையுங்கள். பையனுக்கு வந்ததில் அம்பு இல்லை.

வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனு போட்டிருக்கிறோம். அவன் இப்போது சித்தப்பாவின் வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், கடலுக்குப் போகிறான். போன் இன்னும் கேஸ் சொத்தாகக் கோர்ட்டில் இருக்கிறது. தவணையில் வாங்கிய போன் அது. மாதாமாதம் அந்த அம்மாதான் கட்டிக்கொண்டிருக்கிறார்.